இரண்டாவது வெடி

"எழும்பாதை! இன்னும் இருக்கு!"

கத்துவது நான்தான். முகம் கல்லில் கிடக்கிறது. எனக்குக் கீழே பேத்தி மாயா. ஐந்து வயது. காது கூவுகிறது. வெடிமருந்து மணம். ஷெல் குத்தி அனுப்புகிற சத்தம் கேட்டால் விழுகிற சத்தம் பின்னால் வரும். இன்னும் வரவில்லை.

பக்கத்தில் மகள் சுதா குப்புறக் கிடக்கிறாள். வாய் திறந்தபடி. திறந்திருந்தால் காதுச் சவ்வு கிழியாது. வன்னிச் சண்டைக்குள் நான் பழக்கியது. அதற்குப் பிறகு நான் சொன்ன எதையும் அவள் கேட்டதில்லை.

மருமகன் பிரவீன் மட்டும் நிற்கிறான். சுவிஸில் பிறந்த பிள்ளை. விழத் தெரியாது.

இது வலேட்டா. மால்டாத் தீவின் தலைநகரம். ஊரே ஒரு கோட்டை. மத்தியானம் துறைமுகத்தைப் பார்த்து ஒரு பீரங்கி வெடிப்பார்கள். சும்மா. ஆட்கள் பார்க்க. நல்ல வடிவாக இருக்கும் என்று ஐஸ்கிறீமும் வாங்கித் தந்து கூட்டி வந்தவன் பிரவீன். சனம் கை தட்டுகிறது. பீரங்கிக்கோ எனக்கோ தெரியவில்லை. ஒருத்தன் என்னைப் படம் எடுக்கிறான். எடுக்கட்டும். நல்ல சீலைதான் உடுத்திருக்கிறேன்.

மாயா சிரிக்கிறாள். விளையாட்டு என்று நினைக்கிறாள். எழும்பப் பார்க்கிறாள்.

வன்னியில், மாத்தளனில் என் மகன் வசந்தனும் சிரித்தான். ஏழு வயது. முதல் ஷெல் பனைக்கு அங்கால் விழுந்தது. முடிந்தது என்று எழும்பினான். அவனை இழுக்க என் மனிசன், சுதாவின் அப்பா, எழும்பினார். இரண்டாவது வந்தது. வசந்தனின் செருப்பு ஒன்று என் மடியில் விழுந்தது. கால் உள்ளே இருந்தது.

மாயாவின் பின்தலையைப் பிடித்து அமத்தினேன். கல்லில் அவள் முன்பல் உடைந்தது. இரத்தம்.

"மாமி, விடுங்கோ! முடிஞ்சுது! மற்றது பின்னேரம்தான்!"

அப்போ மற்றது இருக்குத்தானே. நான் விடவில்லை. மூன்று பேர் பிடித்து இழுத்தார்கள்.

சுவிஸில் எங்கள் ஊர் ஷ்லீரனுக்குத் திரும்பினோம். சுதா இப்போது பிள்ளையை என்னோடு தனியே விடுவதில்லை. நியாயம். அவளையும் வளர்த்தவள் நான்தானே. அவளுக்குத் தெரியும்.

மாசி மாதத்தில் ஒரு புதன்கிழமை இந்த நாடு முழுக்கச் சைரன் ஊதிப் பார்ப்பார்கள். வேலை செய்கிறதோ என்று. அன்று கிண்டர்கார்டனிலிருந்து போன். சுதாவும் பிரவீனும் வேலையில். நான் ஓடினேன்.

மாயா மேசைக்குக் கீழே குப்புறக் கிடக்கிறாள். வாய் திறந்தபடி. சைரன் எப்போதோ நின்றுவிட்டது. யார் கூப்பிட்டும் எழும்பவில்லையாம். மற்றப் பிள்ளைகள் சுற்றி நின்று சிரிக்கிறார்கள். நான் குனிந்தேன். முன்பல் இல்லாத வாய்.

"அம்மம்மா, ரெண்டாவது வந்திட்டுதோ?"

வராது என்று சொல்லப் பார்த்தேன். பக்கத்தில் படுத்தேன்.

போனவை இவை. மாத்தளனில் மனிசன். மகன். செருப்பு ஒரு சோடி; மற்றதைத் தேடினேன், கிடைக்கவில்லை. வலேட்டாவில் பால்பல் ஒன்று, ஐஸ்கிறீம் மூன்று. ஷ்லீரனில் ஒரு சேதமும் இல்லை என்று டீச்சர் சொன்னா.