கால் குறைந்த மேசை

அவைக்கு அணியாய் அமர்ந்திருக்கும் தலைவர் அவர்களே, அன்பில் குறையாத பெரியவர்களே, அடுப்பை அணைத்துவிட்டு அவசரமாய் வந்திருக்கும் தாய்மார்களே, முன்வரிசையில் காலாட்டிக்கொண்டிருக்கும் செல்லங்களே, அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

இந்த நூலகத்தில் இன்று சிறுவர்களுக்கென்று கணினி அறை திறக்கிறோம். பள்ளிப் படிப்பு அதிகமில்லாத என்னை ஏன் பேச அழைத்தார்கள்? ஒரு குழந்தைக்கு முதல் கணினி வைத்துக் கொடுத்தவள் என்பதால். அந்தக் கதையைச் சொல்கிறேன்.

என் மகளுக்கு அப்போது ஐந்து வயது. என் நாத்தனார், தம் அலுவலகத்தில் கழித்துவிட்ட கணினியைப் போர்வையில் சுற்றிக் கொண்டுவந்தார். கடவுளை வேண்டிக்கொண்டு சாப்பாட்டு மேசையில் வைத்தோம். அவரே ஒயர்களை மாட்டினார், வேண்டாதவற்றை நீக்கினார், எழுத்தைப் பெரிதாக்கினார். "அண்ணி, இனி இவ என்ன தட்டினாலும் கெட்டுப்போகாது. பயப்படாம விடுங்க" என்றார்.

நாற்காலிமேல் தலையணை, தலையணைமேல் தலையணை, அதன்மேல் என் மகள். ராணி மாதிரி ஏறினாள். சுட்டிக்குக் கை நீட்டினாள். தலையணைகளோடு சரிந்து விழுந்தாள்.

அடி பெரிதில்லை. ஆனால் பயம்? "அது என்னைத் தள்ளிவிட்டுச்சு. எனக்கு வேணாம்" என்று சமையலறைக் கதவுக்குப் பின்னால் ஒளிந்தவள், அதன் பக்கமே வரவில்லை. அழைத்தோம், கெஞ்சினோம், மிட்டாய் காட்டினோம். மிட்டாய்தான் தீர்ந்தது.

என் கணவர் தச்சர். ஒரு மாலை மேசையைக் கவிழ்த்துப்போட்டு நான்கு கால்களையும் அறுக்கத் தொடங்கினார்.

"என்னங்க பண்றீங்க? வீட்ல இருக்கிறதே ஒரு மேசை."

"அவளுக்கு எட்டல இல்ல?"

"அவ வளருவா. அறுத்த காலு வளருமா?"

"வளர்த்துக்கலாம். துண்டைப் பத்திரமா எடுத்து வை."

தாய்மார்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். முழங்கால் இடிக்க இடிக்க அந்த மேசையில்தான் சாப்பிட்டோம்.

மறுநாள் கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு முகம் எட்டிப் பார்த்தது. தன் முக்காலியை இழுத்துவந்து போட்டாள், உட்கார்ந்தாள், பாதம் இரண்டும் தரையில் பதிந்தன. ஒரு விசையை அழுத்தினாள், விரலை எடுக்க மறந்துவிட்டாள். ஒரே எழுத்து வரிவரியாய் ஓடித் திரையை நிறைத்தது. "அம்மா, இவ்வளவும் நானா எழுதுனேன்?"

"நீதான் கண்ணு."

அவள் வளர்ந்தாள், மேசையும் வளர்ந்தது. அறுத்த துண்டுகளை என் கணவர் வில்லை வில்லையாக்கி, அவள் உயர உயர ஒவ்வொன்றாய்த் திருகாணி போட்டுப் பொருத்தினார். கடைசி வில்லை ஏறியபோது அவள் என்னைவிட உயரம். இன்று அவளுக்குத் தொலைதூரத்தில் வேலை. வரவும் செலவும் விடாமல் எழுதுகிறவள் நான். அவர் மேசைக்கு வில்லை பொருத்திய அந்த மாலைப் பொழுதுகளை எந்தக் கணக்கில் எழுதுவேன்? மேசைக் காலைத் துடைக்கும்போதெல்லாம், வில்லைகள் சேரும் கோடுகளில் என் கை நின்றுவிடுகிறது.

காலையில் இந்தப் புதிய அறையைப் பார்த்தேன். அழகான திரைகள், அருமையான மேசைகள். ஒரு குழந்தை உட்கார்ந்து பார்த்தது. கால் தொங்கியது, மேசை கழுத்துக்கு வந்தது. கணினி புதிது, தலைவர் அவர்களே. குழந்தையின் பயமும் புதிதா? குழந்தையை மேசைக்கு ஏற்றாதீர்கள். மேசையைக் குழந்தைக்கு இறக்குங்கள். எட்டாத அறிவை எட்ட வைப்பதற்குத்தானே இந்த அறை? எட்டாத மேசையிலா அதைத் தொடங்குவது?

"புது மேசைம்மா, யாரு அறுப்பா?" என்று தலைவர் கேட்கிறார். ஐயா, மூன்றாம் வரிசையில் மடியில் பையோடு உட்கார்ந்திருக்கிறாரே, அவர்தான் என் கணவர். பைக்குள் ரம்பம் இருக்கிறது.

"ஆகட்டும்" என்கிறார் தலைவர். அவருக்கும், கேட்டிருந்த உங்களுக்கும் என் நன்றி, வணக்கம். ஒன்றே ஒன்று: துண்டுகளைப் பத்திரமாக எடுத்து வையுங்கள். இந்தப் பிள்ளைகளும் வளருவார்கள்.