மாடியாகிப்போன வேம்பு

சீவலப்பேரி டவுன் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் ஒரு பெண்ணும் அவளுடைய சித்தியும் இருந்தார்கள். வெள்ளம் வந்தால் எந்த வீட்டுக்கு முதலில் படகு போக வேண்டும் என்று வரைபடம் தயாரிக்கும் ஆபீசில் அந்தப் பெண்ணுக்கு வேலை.

“சித்தி, வரைபடத்துல ஒங்க வீடு ரெண்டு மாடின்னு வந்திருக்கு. மாடி வீட்டுக்குப் படகு கடைசியாத்தான் வரும்.”

“எங்க வீடு ஓட்டு வீடுல்லா! எந்திரிக்க மாட்டாத மாமியார வச்சிருக்கேன். மாடிக்கு எங்கன போவேன்?”

“செயற்கைக்கோள் ரெண்டு கோணத்துல படம் எடுக்கும். ரெண்டையும் சேத்துப் பாத்துத்தான் உயரத்தக் கணக்குப் போடுதோம்.”

“ரெண்டு தடவ பாத்துமா ஓடு தெரியல?”

“மேல வேம்பு மூடிக்கிடக்குல்லா. கம்ப்யூட்டர் மர உச்சிய மாடின்னு எடுத்துக்கிட்டுது.”

“அந்த மாடியில ஏற நான் காக்காவாத்தான் பொறக்கணும்!”

அந்தப் பெண் சிரித்தாள். சித்தி சிரிக்கவில்லை.

“ஏளா, நம்ம தெருவுல வேம்பு இல்லாத வீடு எதுளா?”

அந்தப் பெண்ணின் முகம் வெளுத்துவிட்டது. போனை எடுத்து ஆபீசுக்குப் பேசினாள்.

“சார், அந்த வரைபடத்த இன்னும் கலெக்டர் ஆபீசுக்கு அனுப்பலல்லா?”

சற்று நேரம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

“எப்ப சார் அனுப்புனீங்க?”