தொண்ணூற்றொரு மதிப்பெண் கணவர்

மதிப்பிற்குரிய விசாரணைக் குழுவினருக்கு,

உங்கள் கடிதம் வந்தபோது நான் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். கண்ணில் தண்ணீர் வந்தது வெங்காயத்தால்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது; ஏனென்றால் உங்களில் ஒருவர், மாணவி வருத்தம் தெரிவித்தால் தண்டனையைக் குறைக்கலாம் என்று கடிதத்தின் அடியில் கருணையோடு எழுதியிருக்கிறார். எனக்கு வருத்தம் இல்லை. கோபம் உண்டு, அதுவும் கொஞ்சம்தான்.

நேர்மறை உளவியல் பட்டப்படிப்பின் முதலாண்டு ஆய்வுக்காக நான் அனுப்பிய எண்கள் கற்பனை என்கிறீர்கள். ஒரு மனிதரின் மகிழ்ச்சி மதிப்பெண் பத்தே வாரத்தில் தொண்ணூற்றொன்றிலிருந்து இருபத்துமூன்றுக்கு இறங்காது, வீட்டில் சாவு விழுந்தால்கூட அவ்வளவு இறங்குவதில்லை, ஆகவே நான் உட்கார்ந்த இடத்திலேயே எண்களை இட்டுக்கட்டிவிட்டேன் என்பது உங்கள் குற்றச்சாட்டு. மதிப்பெண் இறங்கியது உண்மை. எப்படி இறங்கியது என்பது எனக்கு நன்றாகத் தெரியும். இறக்கியது நான்தான்.

நான் பதினாறு வருடமாக ஒரு கண்ணாடிக் கடையில் பார்வை அளப்பவள். எதிரே உட்கார்ந்திருப்பவர் எழுத்துப் பலகையின் கடைசி வரியை மனப்பாடமாகச் சொல்கிறாரா, பார்த்துச் சொல்கிறாரா என்பதை அவர் வாயைத் திறக்கும்போதே கண்டுபிடித்துவிடுவேன். அளவில் பொய் சொல்வது என் தொழிலுக்கே ஆகாத காரியம். உங்கள் இணையவழி வகுப்புகளைக்கூட மதிய இடைவேளையில், பார்வை சோதிக்கும் அந்த இருட்டறையில் உட்கார்ந்துதான் கேட்டேன். ஒரு கையில் சாப்பாட்டு டப்பா, ஒரு கையில் குறிப்பேடு. பேராசிரியரின் பூனை குறுக்கே போகும்போது மட்டும்தான் சாப்பிடுவேன். அந்தப் பூனை வராத நாட்களில் பட்டினி கிடந்திருக்கிறேன்.

ஆய்வு என்னவென்று உங்களுக்குத் தெரியும். ஒருவரைத் தேர்ந்தெடுத்து, இருபது கேள்விகள் கேட்டு, கேள்விக்கு ஐந்து வீதம் நூற்றுக்கு மதிப்பெண் போட வேண்டும். பிறகு எட்டு வாரப் பயிற்சி கொடுத்து அவர் மகிழ்ச்சியை உயர்த்த வேண்டும். இருபது மதிப்பெண் உயர்ந்தால் தேர்ச்சி, நாற்பது உயர்ந்தால் தனிச்சிறப்பு.

முதலில் என் அக்காவைத்தான் கேட்டேன். அவள் சும்மா இருக்கும்போதே நாற்பதைத் தாண்ட மாட்டாள். அருமையான ஆள். ஆனால் அவள் போனிலேயே சொல்லிவிட்டாள்.

"என் சந்தோஷத்த நீ கூட்ட வேணாம்டி. கெடுக்காம இருந்தா போதும்."

கடை முதலாளி முதல் கேள்வியிலேயே எழுந்து போய்விட்டார். மிச்சம் இருந்தது என் கணவர்.

அவர் லிஃப்ட் மெக்கானிக். நாள் முழுக்க இருட்டுக் குழிக்குள் கிரீஸும் கையுமாக இருப்பவர். சாயங்காலம் ஏதோ விருந்துக்குப் போய்விட்டு வருபவர் போல வீட்டுக்குள் நுழைவார். சம்மதப் படிவத்தை நீட்டினேன். படிக்காமலே கையெழுத்துப் போட்டார்.

"என்ன எழுதியிருக்குன்னு பாக்க மாட்டீங்களா?"

"நீதானே நீட்டுற. இதுல பாக்க என்ன இருக்கு?"

இருபது கேள்விகளுக்கும் சிரித்துக்கொண்டே பதில் சொன்னார். கூட்டிப் பார்த்தால் தொண்ணூற்றொன்று. மேலே மொத்தமே ஒன்பது மதிப்பெண்ணுக்குத்தான் இடம். நான் தலைகீழாக நின்று பயிற்சி கொடுத்து, அவர் நூறே எடுத்தாலும் நான் தேற முடியாது. ஒரு மனிதர் எந்த முயற்சியும் இல்லாமல், ஒரு புத்தகம்கூடப் படிக்காமல் இப்படி இருப்பது எனக்கு அன்று முதல்முறையாக எரிச்சலைக் கொடுத்தது. பொய் சொல்லவில்லை, அதையும் எழுதி வைக்கிறேன்.

என் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. புதுக் கண்ணாடி எவ்வளவு உதவுகிறது என்று பார்க்க வேண்டுமானால் பழைய கண்ணாடியை முதலில் கழற்றச் சொல்வோம். கழற்றியதும் ஆள் தடுமாறுவார், மேஜையைத் தடவுவார். அது கொடுமை இல்லை, சோதனை. நான் செய்ததும் அவ்வளவுதான்.

மூன்றாம் பாடத்தில் பேராசிரியர், ஒருவரின் மகிழ்ச்சி எங்கிருந்து ஊறுகிறது என்று பட்டியல் போடச் சொன்னார். என் கணவருக்கு நான்கு இடங்கள் இருந்தன. ஷேவ் செய்யும்போது அடிக்கும் விசில். கீழ்வீட்டுத் தையல்காரரோடு தினமும் ஆடும் செஸ். எங்கள் நாய். ஞாயிற்றுக்கிழமை தங்கையிடமிருந்து வரும் போன். இவ்வளவு சின்னப் பட்டியலில் தொண்ணூற்றொன்று எடுக்கும் ஆளை நீங்களும் பார்த்திருக்க மாட்டீர்கள்.

விசில் சுலபமாக முடிந்தது. மேல்வீட்டு ஆசிரியைக்கு அந்தச் சத்தத்தால் தலைவலி வருகிறதாம் என்றேன். அந்தம்மாவுக்குக் காதே மந்தம். இவர் மறுநாளிலிருந்து வாயை இறுக்கி மூடிக்கொண்டு ஷேவ் செய்தார், இரண்டு தடவை கன்னத்தை வெட்டிக்கொண்டார். மாடிப்படியில் ஆசிரியை வந்தால் தலையைக் குனிந்துகொண்டு ஒதுங்கினார். எண்பத்துநான்கு.

செஸ் விஷயத்தில் கொஞ்சம் மூளை தேவைப்பட்டது. இருவருக்குமே ஆடத் தெரியாது. அதனாலேயே ஒன்பது வருடம் சரிசமமாக ஆடிக்கொண்டிருந்தார்கள். நான் தையல்காரரிடம் போய், தோற்கிற நாளில் இவருக்குத் தூக்கம் வருவதில்லை, ரத்த அழுத்தம் ஏறுகிறது, கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள் என்றேன். தையல்காரர் தங்கமான மனிதர். அன்றிலிருந்து ராணியை நடுவில் கொண்டுவந்து நிறுத்திவிட்டு வெளியே வேடிக்கை பார்க்க ஆரம்பித்தார். நான்காம் நாள் கீழே இருந்து சத்தம் கேட்டது.

"என்னண்ணே, எனக்குப் பிச்சை போடுறீங்களா?"

"இல்லப்பா, நீ நல்லா ஆடுற…"

"நான் நல்லா ஆடுறேனா? ஒம்பது வருஷமா உங்களுக்குத் தெரியாதா நான் எப்படி ஆடுவேன்னு?"

பலகையை மடித்துவிட்டு மேலே வந்தவர், அதன்பிறகு கீழே போகவில்லை. அறுபத்தெட்டு.

அடுத்தது நாய். அதற்கு மானேஜர் என்று பெயர் வைத்தவர் இவர்தான். வேலை எதுவும் செய்யாது, வருகிறவர்களை முறைக்கும், மதியம் நன்றாகத் தூங்கும். அதனால் அந்தப் பெயர். கடைக்கு வரும் எலக்ட்ரீஷியன் ஒருவர் தன் தோட்டத்துக்கு நாய் வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு புதன்கிழமை, நான் முதலில் கடைக்குக் கிளம்பி, இவர் வேலைக்குப் போன பிறகு திரும்பி வந்து கொடுத்து அனுப்பினேன். இரண்டு பஸ் மாறிப் போகிற தூரம். சாயங்காலம் இவர் வந்து கேட்டபோது, "நான் வந்தப்ப கதவு தெறந்து கெடந்துச்சுங்க" என்றேன். அன்று காலையில் கடைசியாகக் கதவைச் சாத்தியவர் அவர். யார் திறந்து போட்டது என்று நான் சொல்லவே இல்லை, அவரே கணக்குப் போட்டுக்கொண்டார்.

பதினோரு நாள் தேடினார். வேலை முடிந்ததும் கையில் சங்கிலியோடு தெருத்தெருவாகப் போவார். கம்பத்துக்குக் கம்பம் அறிவிப்பு ஒட்டினோம். பசை காய்ச்சிக் கொடுத்தது நான். கட்டியில்லாமல் வந்திருக்கிறது என்று அந்த நிலையிலும் பாராட்டினார். பன்னிரண்டாம் நாள் கேள்வித்தாளில், "என்மேல் எனக்கு நம்பிக்கை இருக்கிறது" என்ற வரிக்குப் பக்கத்தில் பூஜ்யம் போட்டு, அதை இரண்டு தடவை வட்டமிட்டிருந்தார். முப்பத்தொன்பது.

கடைசியாக அவர் தங்கை. அவளுக்குப் போன் போட்டு, அண்ணனுக்குக் கொஞ்ச நாள் அமைதி வேண்டுமாம், நானே சொல்கிறேன், அதுவரை கூப்பிடாதே என்றேன்.

"என்மேல கோவமா அண்ணி?"

"சேச்சே, அதெல்லாம் ஒண்ணும் இல்லம்மா."

மூன்று ஞாயிற்றுக்கிழமை இவர் போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நீங்களே கூப்பிடுங்களேன் என்று நானும் சொல்லவில்லை, அவராகவும் கூப்பிடவில்லை. நாயைத் தொலைத்தவனோடு பேச அவளுக்கு என்ன இருக்கும் என்று ஒருநாள் சுவரைப் பார்த்துச் சொன்னார். இருபத்துமூன்று. அந்தப் படிவத்தைத்தான் நீங்கள் சிவப்பு மையால் சுழித்து அனுப்பியிருக்கிறீர்கள்.

தொண்ணூற்றொன்றை மறைத்துவிட்டு, இருபத்துமூன்றிலிருந்து ஆரம்பித்ததாக நான் எழுதியிருக்கலாம். என்னோடு படிப்பவர்களில் பாதிப் பேர் அதைத்தான் செய்திருப்பார்கள். எடுத்த அளவுகள் அனைத்தையும் இணைக்கவும் என்று உங்கள் விதி சொன்னது, இணைத்தேன். நேர்மைக்கு இந்தக் காலத்தில் கிடைக்கிற மரியாதை இவ்வளவுதான் போலிருக்கிறது.

அதன் பிறகு பயிற்சி. அதில் நான் எந்தக் குறையும் வைக்கவில்லை. காலையில் நடை. தினமும் முன்பின் தெரியாத ஒருவரைப் பார்த்துப் புன்னகை. படுக்கப் போகும் முன் நன்றிக் குறிப்பேட்டில் அன்று நடந்த மூன்று நல்ல விஷயங்கள். இவரைப் போல ஒழுங்காகப் பயிற்சி செய்பவர் உங்களுக்குக் கிடைக்க மாட்டார். நடக்கச் சொன்னால் மழையிலும் நடந்தார். மூன்று நல்ல விஷயம் கிடைக்காத நாளில் என்னிடம் வந்து, "ரெண்டுதான் தேறுது, பரவாயில்லையா?" என்று கேட்டார். ஐம்பத்தாறு நாள் குறிப்பிலும் முதல் வரி ஒன்றேதான். 'இன்றும் அவள் என்னோடு இருக்கிறாள்.' அதைப் படித்தபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. அப்போது வெங்காயம் எதுவும் இல்லை. ஓர் ஆசிரியைக்கு வரும் பெருமை அது.

எட்டாம் வார முடிவில் எழுபத்தொன்று. நாற்பத்தெட்டு மதிப்பெண் உயர்வு. எங்கள் வகுப்பிலேயே அதுதான் அதிகம் என்று பேராசிரியர் சொன்னதை எல்லோரும் கேட்டார்கள்.

இனி நீங்கள் கேட்கக்கூடிய கேள்வி: ஆய்வு முடிந்ததும் நாயைத் திருப்பிக் கொண்டுவந்திருக்கலாமே. கொண்டுவந்தால், மதிப்பெண் உயர்ந்தது என் பயிற்சியாலா, நாயாலா என்ற சந்தேகம் வராதா? தவிர, விசில் இல்லாமல், நண்பர் இல்லாமல், தங்கை இல்லாமல் ஒருவர் எழுபத்தொன்று எடுக்க முடியும் என்றால், அதெல்லாம் அப்படியொன்றும் அவசியமில்லை என்றுதானே அர்த்தம். எழுபத்தொன்று முதல் வகுப்பு மதிப்பெண். மீதி இருபதுக்காக வீடெல்லாம் நாய் முடி பெருக்க வேண்டுமா?

இந்த விளக்கத்தை, ஆய்வுக்கு உட்பட்டவர் முழுவதும் கேட்டு, கீழே கையெழுத்திட வேண்டும் என்று கடிதத்தில் நிபந்தனை போட்டிருக்கிறீர்கள். அதனால் இன்று காலை அவரைச் சாப்பாட்டு மேஜையில் உட்கார வைத்து, இதுவரை எழுதியதை ஒரு வரி விடாமல் படித்துக் காட்டினேன். அவர் ஆரஞ்சுப்பழம் உரித்துக்கொண்டிருந்தார். விசில் வந்த இடத்தில் லேசாகச் சிரித்தார். செஸ் வந்தபோது சிரிப்பு நின்றது. நாய் வந்ததும் உரிப்பதை நிறுத்திவிட்டார். அதற்குப் பிறகு கடைசிவரை அந்தப் பழத்தைக் கையிலேயே வைத்திருந்தார், சாறு மணிக்கட்டில் வழிந்ததைத் துடைக்கவில்லை.

படித்து முடித்தேன். அவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"மானேஜர் உயிரோட இருக்கானா?"

"நல்லா சாப்பிடுறானாம். கொஞ்சம் எடை போட்டுட்டானாம்."

காகிதத்தை என் கையிலிருந்து வாங்கி, முதல் பக்கத்திலிருந்து தானே மறுபடி படித்தார். ரொம்ப நேரம் ஆனது.

"நீ நீட்டினதுல நான் படிச்சிட்டு கையெழுத்துப் போடுறது இதான் மொத தடவை" என்றார். குரலை உயர்த்தவில்லை. கையெழுத்து கொஞ்சம் கோணலாக இருக்கிறது, பழச்சாறு பட்டிருக்கிறது, ஆனால் அவருடையதுதான். சம்மதப் படிவத்தோடு ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பிறகு உள்ளே போய்ப் பெரிய பெட்டியை எடுத்தார். நாயை அழைத்து வரத்தான் போகிறார் என்று புரிந்தது. சட்டைகள், ஷேவிங் சாமான், டூல் பை, தன் அம்மாவின் படம், பீரோவிலிருந்த தொழிற்பயிற்சிச் சான்றிதழ்கள் எல்லாவற்றையும் வைத்துக்கொண்டார். இரண்டு பஸ் தூரத்துக்குச் சான்றிதழ் எதற்கு என்று கேட்க நினைத்தேன். கேட்டால் அவர் மனநிலை பாதிக்கப்படும், அளவு தவறிவிடும் என்று விட்டுவிட்டேன். வாசலில் வைத்து இன்றைய கேள்வித்தாளை நீட்டினேன். வாங்கவில்லை. கீழே தையல்காரர் வீட்டுக் கதவைத் தட்டும் சத்தமும், இரண்டு பேர் நடந்து போகும் சத்தமும் கேட்டன.

"ராத்திரிக்கு என்ன சமைக்கட்டும்?" என்று நான் வாசலிலேயே கேட்டிருந்தேன்.

"ஒருத்தருக்குச் சமை" என்றார். வெளியில் சாப்பிட்டுவிட்டு வருவார் போலிருக்கிறது.

கேள்வித்தாளை அவர் நிரப்பாததால், முகத்தைப் பார்த்து நானே மதிப்பிட்டிருக்கிறேன்: நான்கு. இது ஊகம்தான், அதனால் பக்கத்திலேயே 'ஊகம்' என்றும் எழுதியிருக்கிறேன். நான்கிலிருந்து ஒருவரை மேலே கொண்டுவந்ததாக உங்கள் பாடங்களில் எங்கும் நான் படிக்கவில்லை. தொண்ணூற்றாறு மதிப்பெண்ணுக்கு இடம் இருக்கிறது. இப்படி ஒரு வாய்ப்பு இன்னொரு மாணவிக்குக் கிடைக்குமா என்பதையும் தயவுசெய்து கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் ஆண்டுக்கான விண்ணப்பத்தை இத்துடன் இணைத்திருக்கிறேன். ஆய்வுக்கு உட்படுபவர் என்ற இடத்தில் 'கணவர்' என்று நிரப்பியிருக்கிறேன். அவருடைய சம்மதக் கையெழுத்தை, வீட்டுக்கு வந்ததும் வாங்கி அனுப்புகிறேன்.