பெனடிற்றின் குரலுக்கு ஒரு மைக்

— ஊதிப் பாக்காதேங்கோ, சிங்கராசா அண்ணன். உள்ளுக்க இருக்கிற பட்டி அறுந்துபோயிடும்.

— ஊதாமல் மைக் வேலை செய்யுதோ எண்டு எப்பிடிப் பாக்கிறது, ஹமீட் நானா? கோயில்ல எல்லாரும் ஊதித்தானே பாக்கினம்.

— அது வேற மைக். இது ரிபன் மைக். சிகரட் தாளை விட மெல்லிசா அலுமினியப் பட்டி ஒண்டு உள்ளுக்க தொங்குது. குரல் பட்டா அது ஆடும். அந்த ஆட்டந்தான் கசெற்றில பதியிறது. விளங்குதா?

— அப்ப எனக்கு உது வேண்டாம். நான் வலை இழுக்கிறவன். மலிஞ்சதா, விழுந்தாலும் உடையாததா ஒண்டு தாங்கோ. அந்தக் கறுப்பு மைக் என்ன மாதிரி?

— அது விழுந்தாலும் உடையாது. ஆனா ஆர் கதைச்சாலும் அதில ஒரே குரல்தான். பஸ் ஸ்ராண்டில அறிவிக்கிறதுக்குச் சரி. மற்றது, இந்த வெள்ளிக்கலர், திறமான மைக். ஆனா அதுக்குத் தனியாப் பற்றறி வேணும். அரசாங்கம் பற்றறியைத் தடை செய்திருக்கேக்க, இப்ப மன்னாரில எங்க போவீங்கள்?

— றெக்கோடரை டிராக்ரர் பற்றறியில பூட்டலாம் எண்டு நினைச்சனான்.

— றெக்கோடருக்கு அது போதும். ரிபனுக்குத் தனிப் பற்றறி தேவையில்லை. கொழும்பில ஒரு ஸ்ரூடியோவை மூடேக்க பழசா வேண்டினது, அதால விலையும் குறைவு. வீட்டில பதியிறதெண்டா இதுதான் அண்ணன். குரலைக் கூராக்காது. பக்கத்தில இருந்து கேக்கிற மாதிரி இருக்கும்.

— எங்கட வீட்டில அலைச்சத்தம் ஓயாதே.

— அதுக்கும் வழி இருக்கு. இதுக்கு முன்னாலயும் கேக்கும், பின்னாலயும் கேக்கும், பக்கவாட்டில கேக்காது. பக்கவாட்டைக் கடலுக்குக் காட்டி வையுங்கோ. பாடுறவர் ஒரு சாண் தள்ளி இருந்தாச் சரி. ஆர் பாடப்போறது, நீங்களோ?

— பெனடிற்.

— பெனடிற்றோ?

— ஓம், என்ர மகன்தான். ஏன் நானா ஒரு மாதிரிப் பாக்கிறீங்கள்? இயக்கத்துக்குப் போன பிறகு அவன் வீட்டுப் பக்கம் வந்தது குறைவு. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட வாறன் எண்டு ஆள் அனுப்பியிருக்கிறான். சாப்பிட்ட கையோட ஒரு பாட்டுப் பாட வைச்சுப் பதியவேணும். என்ர மனுசி எடித்தின்ர ஆசை.

— எடித் அக்காவுக்கு ஏன் திடீரெண்டு?

— பக்கத்து வீட்டு றோசம்மாவைத் தெரியுமெல்லோ. அவளின்ர பெடியன் சண்டையில செத்து ஒரு வருசமாகுது. படம் சுவரில தொங்குது. முகம் மறக்கேல்ல, குரல்தான் மறந்துபோச்சு எண்டு எடித்திட்டச் சொல்லி அழுதவள். அண்டையில இருந்து எடித் சரியாச் சாப்பிடுறதுமில்லை. அவன்ர குரலைப் பிடிச்சு வை, பிடிச்சு வை எண்டு ஒரே கரைச்சல்.

— அவன் சின்னனில பாடின கசெற் உங்களிட்ட இருந்ததே?

— அதை றெக்கோடர் விழுங்கிப்போட்டுது. இந்தக் கடையில, இந்தக் கதிரையில ஏத்தி விட்டு நீங்கள்தானே பதிஞ்சனீங்கள். பாடி முடிய உங்கட மனுசி சபூரா வட்டிலப்பம் குடுத்தவ. பிறகு ஒவ்வொரு பெருநாளுக்கும் அவன் உங்கட வீட்டிலதானே கிடந்தவன்.

— ஓம், மறப்பனோ. மைக்கைக் கொண்டுபோங்கோ அண்ணன். காசு வேண்டாம்.

— விசர்க்கதை கதையாதேங்கோ. காசில்லாமல் பிறகு என்ன வியாபாரம்? அதுசரி, ஏன் அலுமாரியெல்லாம் வெறுமையாக் கிடக்கு? உள்ளுக்க ஆர் அழுறது, சபூராவோ?

— அப்ப உங்களுக்குத் தெரியாது.

— என்ன தெரியாது? விடியக் கடலுக்குப் போனனான். கரைக்கு வந்து நேர இஞ்சதான் வாறன்.

— காலமை வாகனத்தில ஸ்பீக்கர் கட்டிக்கொண்டு வந்து அறிவிச்சவங்கள். முஸ்லிம் ஆக்கள் எல்லாரும் இந்தக் கிழமைக்குள்ள மன்னாரை விட்டு வெளிக்கிட வேணுமாம். இயக்கத்தின்ர கட்டளை. வீடு, கடை, நகை எல்லாத்தையும் விட்டிட்டு, உடுப்புப் பையோட வள்ளம் ஏறிக் கற்பிட்டிக்குப் போகட்டுமாம்.

— ஏன்? நீங்கள் என்ன செய்தனீங்கள்?

— அதைச் சொல்லேல்ல. பின்னால வந்தவங்கள் கடைச் சாமானை ஏத்திக்கொண்டு போயிட்டாங்கள். இந்த மூண்டு மைக்கும் மேசைக்குக் கீழ கிடந்ததால தப்பினது. இதுதான் நான் இஞ்ச செய்யிற கடைசி வியாபாரம் அண்ணன். பிழையான மைக்கைத் தந்திட்டுப் போக மனம் வரேல்ல.

— மாதாவே.

— எங்கட உம்மாவை அடக்கின கபுறு இஞ்சதான் கிடக்கு. அதைச் சொல்லித்தான் சபூரா அழுறா.

— இருங்கோ நானா. நான் விடமாட்டன். என்ர மகன் அவங்களோடதானே நிக்கிறான். இப்பவே சைக்கிளை எடுத்துக்கொண்டு முகாமுக்குப் போறன். பெனடிற்றிட்டச் சொல்லி உங்கட குடும்பத்தையெண்டாலும் நிப்பாட்டுறன். சபூராட கையால திண்டு வளந்த பிள்ளை. உங்களுக்கெண்டா மாட்டன் எண்டு சொல்லான்.

— போகாதேங்கோ.

— ஏன் போகக் கூடாது? தகப்பன் கேட்டாக் கேக்க மாட்டானோ?

— அண்ணன், நான் சொல்லுறன். போகாதேங்கோ.

— காரணத்தைச் சொல்லுங்கோ நானா.

— ஸ்பீக்கர் கரகரத்தது. எண்டாலும் எனக்குத் தெரியாத குரலோ அது? கட்டளையை வாசிச்சது பெனடிற்.

— இல்லை. வேற ஆரோவா இருக்கும். உங்களுக்குக் கேட்டது பிழை.

— கேட்டது மட்டுமில்லை. சபூராவும் நானும் வாசல்ல நிண்டனாங்கள். வாகனம் எங்களுக்கு முன்னாலதான் போனது. எங்களை அவன் கண்டவன்.

— கண்ட பிறகும் வாசிச்சவனோ?

— ஓம்.

— அப்ப அவன்ர குரல், கொஞ்சமெண்டாலும் தடுமாறினதோ, நானா?

— இல்லை அண்ணன். நல்ல தெளிவா வாசிச்சவன்.