தாழ்ப்பாள் விட்ட பந்து

கழுத்தில் மாலையின் கனத்தையும் காதில் மைக்கின் கரகரப்பையும் ஒருசேரத் தாங்கி, இந்த விழாவுக்குத் தலைமையும் தாங்கும் விளையாட்டுக் கழகத் தலைவர் அவர்களே! விடுமுறைத் தூக்கத்தை விட்டுக்கொடுத்து முன்வரிசையில் வீற்றிருக்கும் பெரியோர்களே! பிள்ளைகள் பந்தால் உடைத்த சன்னல்களுக்கெல்லாம் பதில் சொல்லிச் சலித்த தாய்மார்களே! மதில்மேல் இடம்பிடித்திருக்கும் இளங்காளையரே! பார்த்து உட்காருங்கள் தம்பிகளே, விழுந்தால் நாளைக்கு என் மருந்துக்கடைக்குத்தான் வரவேண்டியிருக்கும்! அனைவருக்கும் இந்த அக்காவின் அன்பு வணக்கம்.

பாராட்டு விழா என்று அழைப்பிதழில் அச்சிட்டிருக்கிறீர்கள். பாராட்ட நீங்கள் இத்தனை பேர் இருக்கிறீர்கள். நான் மேடையேறியது பெருமூச்சு விடுவதற்கு!

கோல் அடிப்பவனைத் தோளில் தூக்குவோம். தடுப்பவனுக்கு என்ன தருவோம்? தடுத்தால் அது அவன் வேலை. தவறவிட்டால் அது அவன் குற்றம்! என் தம்பி தடுப்பாட்டக்காரன். காலால் தடுத்தான், மார்பால் தடுத்தான், தலையால் தடுத்தான். எந்தப் பந்தையும் விடமாட்டான். அதனால்தான் இந்த மைதானம் அவனுக்குத் ‘தாழ்ப்பாள்’ என்று பெயர் சூட்டியது. தட்டுங்கள், நன்றாகக் கை தட்டுங்கள்! அம்மா வைத்த பெயர் அம்மாவுக்கே மறந்துபோயிற்று.

அந்தத் தாழ்ப்பாள் கடல் கடந்து போயிற்று. புதிய நாடு, புதிய கழகம், புரியாத மொழி. உடைமாற்றும் அறையில் பக்கத்து இருக்கை கோல்கீப்பருடையது. வாசலில் குனிந்துதான் நுழைவான். நாங்கள் அவனை நெட்டை என்போம். நெட்டைக்குத் தமிழ் தெரியாது, ஆனால் காது கூர்மை. பயிற்சி முடிந்ததும் தம்பி அம்மாவோடு ஃபோனில் பேசுவதைக் கேட்டுக்கொண்டேதான் காலுறையைக் கழற்றுவான்.

அப்படி என்ன பேசுவார்கள்? “ஒழுங்கா சாப்பிட்டியா? இளைச்சுட்டியேடா!” “சரி விடும்மா.” “குளிர்ல காதை மூடிக்கிட்டு போ.” “விடும்மா, விடு.” தினமும் இதே கதை! நெட்டை என்ன முடிவுக்கு வந்தான் தெரியுமா? ‘விடு’ என்றால் ‘ஆகட்டும், அப்படியே செய்’ என்று பொருளாம்!

முதல் பெரிய ஆட்டம். உயரத்தில் ஒரு பந்து வருகிறது. தம்பியும் ஓடுகிறான், நெட்டையும் வருகிறான். பதற்றத்தில் படித்த மொழி பறந்தது, பால்குடித்த மொழி வாயில் வந்தது. “விடு!” என்று கத்தினான் தம்பி. ‘நீ விடு, நான் பார்த்துக்கொள்கிறேன்’ என்று சொன்னான் இவன். ‘ஆகட்டும், வா’ என்று காதில் வாங்கினான் அவன். வந்தான்! மோதினான்! நெட்டையின் முட்டி தம்பியின் நெற்றிப்பொட்டில் இறங்கியது. பந்து நிதானமாக உருண்டு வலைக்குள் போனது. தம்பி எழுந்திருக்கவில்லை.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், இன்று சிரிக்கலாம். அன்று நான் கடையில் இருமல் மருந்துப் புட்டியில் ஃபோனைச் சாய்த்துவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். திரையில் எல்லோரும் ஓடினார்கள், அவன் மட்டும் அசையவில்லை. பக்கத்தில் நின்ற அம்மா என் தோளை அழுத்திய அழுத்தம் இன்னும் இருக்கிறது.

மருத்துவர் ஒளிக்காமல் சொல்லிவிட்டார்: ஓய்வுக்குப் பிறகு ஆடலாம், ஆனால் தலையில் இதேபோல் இன்னொரு அடி விழுந்தால் உயிருக்கு உத்தரவாதம் இல்லை. “வந்துடுடா கண்ணு” என்று அம்மா கெஞ்சினார். “இந்த சீசன் மட்டும்மா. விடும்மா” என்றான். மறுபடியும் விடு!

நெட்டை ஆஸ்பத்திரிக் கட்டிலருகே வந்து, அந்தச் சொல்லுக்கு உண்மையான பொருள் கேட்டான். கேட்டதும் வாயைப் பிளந்தான். “அப்போ தினமும் உங்க அம்மாகிட்ட ‘ஆளை விடு’ன்னா சொல்லிட்டிருந்தே?” என்றானாம் தன் மொழியில். அன்று முதல் அதுவே இருவருக்கும் சங்கேதச் சொல். ஒருவன் ‘விடு’ என்றால் மற்றவன் விலக வேண்டும். எதிரணிக்கு ஒன்றும் புரியாது!

ஆனால் சொல்லைக் கற்பது வேறு, விடக் கற்பது வேறு! பந்தைக் கண்டால் இவன் தலை தானாக எழும்புமே? ஒவ்வொரு ஆட்டத்தையும் நானும் அம்மாவும் கடையில் ஃபோனில் பார்த்தோமே, எப்படிப் பார்த்திருப்போம்?

வந்தது சீசனின் கடைசி ஆட்டம். மூலையிலிருந்து பந்து எழும்பியது. தம்பி குதிக்கக் குனிந்தான். பின்னாலிருந்து எதிரணிக்காரன் காலை ஓங்கிப் பாய்ந்தான், நேரே தலைக்கு! அம்மா கண்ணை மூடிக்கொண்டார். நான் யாருக்கோ எடுத்துவைத்த மாத்திரை அட்டையைக் கசக்கிவிட்டேன். அப்போது அயல்நாட்டு ஆரவாரத்தைக் கிழித்துக்கொண்டு ஃபோனிலிருந்து ஒரு குரல்: “விடு!”

“யாருடி அது? நம்ம ஊர்ப் பையன் மாதிரி இருக்கு?” “நம்ம நெட்டைம்மா!”

விட்டான்! வாழ்நாளில் முதன்முதலாக ஒரு பந்தை விட்டான்! குனிந்தவன் நிமிரவே இல்லை. பாய்ந்தவன் கால் காற்றை உதைத்தது, பந்து நெட்டையின் கையில் அடைக்கலமானது. அம்மா அழுதார். நான் அழுதேன். தலைவலி மாத்திரை வாங்க வந்தவரும் கூடவே அழுதார். எதற்கென்று அவருக்கே தெரியாது.

தடுத்து வென்றோர் ஆயிரம். விட்டு வென்றவன் என் தம்பி! அதோ அமர்ந்திருக்கிறான், சொன்னபடி அந்த சீசனோடு ஆட்டத்தை முடித்து ஊர் திரும்பி, நெற்றியில் தழும்போடு, நினைவோடு, சிரிப்போடு, முழுசாக! இதைவிட என்ன கோப்பை வேண்டும் எங்கள் வீட்டுக்கு?

மதில்மேல் என்ன சத்தம்? “இன்னும் ஒரு வருஷம் ஆடச் சொல்லுங்கக்கா”வா? அடேய் தாழ்ப்பாள், உன் கால் ஏன் மேசைக்கடியில் துள்ளுகிறது? இரு, இரு. முன்வரிசையில் அம்மா எழுந்துவிட்டார். மைக் வேண்டாமாம். சத்தமாகச் சொல்லுங்கம்மா!

“விடுடா!”

கேட்டாயா தம்பி? நெட்டைக்கே புரிந்த தமிழ், உனக்குப் புரியாதா?

பொறுமையாகக் கேட்ட உங்கள் செவிகளுக்கும், கடலுக்கு அப்பால் இருக்கும் அந்த நெடிய கைகளுக்கும் என் நன்றி. தலைவர் மைக்குக்குக் கை நீட்டுகிறார். இதோ, நானும் விட்டேன். வணக்கம்!