வரிசையாகப் பூத்த நீலம்

பூப் பார்க்க மலை ஏறுகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, கழிப்பறை எங்கே என்றுதான். பத்தொன்பது ஆண்டுகளாக, வழிகாட்டி என்ற முறையில், சலிக்காமல் கைகாட்டியிருக்கிறேன்.

பனி உருகியதும் பத்தே நாள் பூக்கும் நீலப் பூ அது. வேறெங்கும் கிடையாது என்று சொல்லித்தான் அழைத்துப் போவேன். அன்று பதினோரு பேர். பத்துப் பேர் படம் எடுத்துக்கொண்டு, சாப்பிடக் கீழே கொட்டகைக்கு இறங்கிவிட்டார்கள். ஓய்வுபெற்ற தாவரவியல் ஆசிரியை மட்டும் குனிந்தபடி நின்றார்.

“தம்பி, தப்பா நெனச்சுக்காதீங்க. இது காட்டுப் பூ இல்ல. யாரோ தோட்டத்துக் கிழங்கைக் கொண்டுவந்து நட்டிருக்காங்க. வரிசை தெரியுது பாருங்க.”

“காடும் சில நேரம் வரிசையா பூக்கும் டீச்சர்.”

சிரித்தார். “முப்பது வருஷம் பசங்க பொய்யக் கேட்டவ நான். இது சுமார் ரகம்.” பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “சாப்பாடு முடியட்டும். நீங்களே அவங்ககிட்ட சொல்லிடுங்க. நான் சொன்னா நல்லாருக்காது.”

நல்ல மனுஷி. என் மானத்தைக் காப்பாற்றத்தான் பார்த்தார்.

அசல் பூ எட்டு ஆண்டுகளுக்கு முன்பே போய்விட்டது. நான் கூட்டிப் போன கால்கள் மிதித்தே அழித்தன. அதை யாரிடம் சொல்வது?

வரிசையை எண்ணிக்கொண்டே அவர் பாத்தியின் அந்தப் பக்கம் போனார். அங்கே பள்ளத்தின் ஓரம், உருகாத மிச்சப் பனிக்கு அடியில் மண் அரித்திருந்தது. விளிம்பு சரிந்தது. நான் தள்ளவில்லை. ஒரு வேரைப் பிடித்துத் தொங்கினார். “தம்பி” என்றார், வகுப்பில் பெயர் கூப்பிடுவது போல, பதறாமல்.

நடுவே பாத்தி. குறுக்கே போனால் நாலு எட்டு. பூவை யாரும் மிதிக்கக் கூடாது என்பது நான் போட்ட சட்டம். அதனால் சுற்றுவழியில் நடந்தேன். அது கால் மணி நேரம். இன்னும் இரண்டு முறை “தம்பி” கேட்டது. பிறகு மலை சும்மா இருந்தது. இந்த அறையில்கூட, நீங்கள் என் வாக்குமூலத்தை எழுதுவதை நிறுத்தும்போதெல்லாம், நாலாவது தடவைக்காக என் காது காத்திருக்கிறது.

பாத்தியில் யாருடையவை என்று நீங்கள் கேட்கிற கால்தடங்கள் என்னுடையவைதான். சத்தம் நின்றதும் பாதி வழியில் திரும்பி வந்தேன். பாத்தியின் குறுக்கே நடந்து போய் எட்டிப் பார்த்தேன். அவர் அசையவில்லை. ஏழு பூக்கள் நசுங்கியிருந்தன. அதில் வருத்தமில்லை. மிதித்தால் தோட்டத்துக் கிழங்குக்கு ஒன்றும் ஆகாது. அடுத்த ஆண்டு வந்துவிடும்.