இரண்டாவது டேக்

கோவில்பத்தில் பாட்டுப் பதிவு செய்வது கஷ்டம். பஸ் ஹாரன் ஒரு பக்கம், பக்கத்து வீட்டு மிக்ஸி ஒரு பக்கம். அதனால்தான் மாடியில் பாடுகிறவர்களுக்கென்று தனி அறை தடுத்தேன். நடுவில் கண்ணாடி, இந்தப் பக்கம் நான். கதவுக்கு ஏன் வெளியே தாழ்ப்பாள் என்று கேட்டீர்கள். தாழ்ப்பாள் போடாவிட்டால் கதவு அதிரும், அது மைக்கில் விழும். வேறு காரணம் இல்லை.

பல வருஷம் யார் எந்தப் பாட்டுக் கேட்டாலும் மெட்டுப் போட்டுக் கொடுத்தவன் நான். ஜவுளிக்கடை விளம்பரம், தேர்தல் பாட்டு, மாங்கனித் திருவிழாவுக்குப் பக்திப் பாட்டு. எதிலும் குறை இருக்காது. யார் போட்டது என்று மட்டும் யாருக்கும் தெரியாது. சென்னையில் ஒரு இயக்குநர் என் மெட்டுகளைப் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எல்லாமே எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கு சசிதரன். உங்களோடது எது?" என்றார். எனக்குக் கோபம் வரவில்லை. அவர் கேட்டது நியாயம்தான்.

கனகம் அக்காவின் குரலை முதலில் கேட்டது கோட்டுச்சேரிமேட்டில். அவர் புருஷன் பஞ்சநாதன் கடலில் இறந்துபோயிருந்தார். எங்கள் வீட்டுக்கு மீன் கொண்டுவந்து கொடுத்தவர் அவர் என்பதால் துக்கம் விசாரிக்கப் போயிருந்தேன். அக்கா அழுதபடியே பாடிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு அடி முடியும்போதும் குரல் ஓர் இடத்தில் இறங்கி நின்றது. கீபோர்டில் கறுப்புக் கட்டைக்கும் வெள்ளைக் கட்டைக்கும் நடுவில் இருக்கிற இடம் அது. வீட்டுக்கு வந்து அந்த ஓர் இடத்தைச் சுற்றி ஒரு மெட்டு கட்டினேன். அக்காவையே அழைத்துப் பாடவும் வைத்தேன். அந்தச் சென்னை இயக்குநர் அதைத் தன் படத்தில் வைத்துக்கொண்டார். படம் வந்ததும் சசிதரன் பாணி என்று எழுதினார்கள்.

நான் அவரைக் கட்டாயப்படுத்தியதில்லை. "அவர நெனச்சுக்கிட்டுப் பாடுறேன் தம்பி. பாடிட்டா நெஞ்சு லேசாயிருது" என்பார். அடுத்த படத்துக்கும் பாடினார். நெஞ்சு உண்மையிலேயே லேசாகிக்கொண்டு வந்தது. அதை நான் கவனிக்கத் தவறிவிட்டேன்.

மூன்றாவது படத்தில், பிள்ளையைப் பறிகொடுத்த தாய்க்கு ஒரு பாட்டு. அக்கா சுத்தமாகப் பாடினார். அந்த இடம் மட்டும் வரவில்லை.

"பழைய மாதிரி இல்லையேக்கா" என்றேன்.

"பழைய மாதிரி அழுவணுமா தம்பி? எங்கேருந்து அழுவ? மருமவ முழுவாம இருக்கா. வூடே சிரிப்பும் கூத்துமா கெடக்கு" என்று சொல்லி மைக்குக்கு முன்னாலும் சிரித்தார்.

சென்னையிலிருந்து ஒரு பாடகியை வரவழைத்துப் பார்த்தேன். அந்த ஸ்வரத்தைத் தொட்டார், அதில் நிற்க அவரால் முடியவில்லை. இயக்குநர் வேறு ஆளிடம் பேசத் தொடங்கியிருந்தார்.

அக்காவின் ஒரே மகன் ராஜா அப்போது ஆழ்கடலுக்குப் போயிருந்தான். பல நாள் தங்கி மீன் பிடிக்கிற படகு. நடுக்கடலில் போன் எடுக்காது. இதையெல்லாம் யோசித்துத்தான் செய்தாயா என்று கேட்கிறீர்கள். ஆமாம், யோசித்துத்தான் செய்தேன்.

அக்கா ஹெட்போன் மாட்டி நின்றார். பதிவை ஓட விட்டேன், என் மைக்கும் அதில் சேர்ந்தே பதிவாகும். என் மைக்கில், "அக்கா, துறைமுகத்துலேருந்து போன் வந்துச்சு. ராஜா போன போட்டு கவுந்துருச்சாம். ராஜா இல்லக்கா" என்றேன். தாழ்ந்த குரலில்தான் சொன்னேன். பாட்டு முடிந்ததும் உண்மையைச் சொல்லிவிடலாம் என்றிருந்தேன். கொஞ்ச நேரத் துக்கம், பிறகு மகனைத் திரும்பப் பெற்ற சந்தோஷம். எத்தனை பேருக்கு அது கிடைக்கும்?

ஹெட்போனோடேயே கதவுக்கு வந்து தட்டினார்.

"தொறங்க தம்பி. நான் கரைக்குப் போவணும். எம்புள்ள வருவான்."

"போலாங்க்கா. அவனுக்காக ஒரு தடவ பாடிடுங்க, நானே வண்டியில கூட்டிட்டுப் போறேன்."

பாடினார். அந்த இடம் வந்தது. அதற்கும் கீழே ஓர் இடத்துக்கு இறங்கினார். அப்படி ஓர் இடம் இருப்பது எனக்கே தெரியாது. ஆனால் முதல் இரண்டு அடி மைக்கை விட்டு விலகி விழுந்திருந்தது. எனவே இன்னொரு முறை கேட்டேன்.

இரண்டாவது முறை பாடும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். உணர்ச்சி என்று நினைத்ததாக நேற்று சொன்னேன். அது சரியில்லை, திருத்திக்கொள்ளுங்கள். முகம் வெளுத்ததைப் பார்த்தேன், வியர்த்ததையும் பார்த்தேன். சுவரோடு சாய்ந்து கீழே உட்கார்ந்தவர் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்துக் கையை அசைத்தார். ஆனால் கடைசி அடியை விடவில்லை. அந்த ஸ்வரம் மெலிந்து மெலிந்து போய்க்கொண்டிருந்தது. கதவைத் திறந்தால் ரோட்டுச் சத்தம் உள்ளே வரும். அந்த ஸ்வரம் முழுவதும் அடங்கட்டும் என்று காத்திருந்தேன். பிறகு திறந்தேன்.

ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது உயிர் இல்லை. பாடும்போதே மாரடைப்பு என்று எல்லோரிடமும் சொன்னேன். அதில் பொய் ஒன்றும் இல்லையே.

ராஜா வரும் வரை ஐஸ் பெட்டியில் வைத்திருந்தோம். படகு நிறைய மீனோடு திரும்பினான். என் கையைப் பிடித்துக்கொண்டு, "கடைசி நேரத்துல நீங்களாவது பக்கத்துல இருந்தீங்களேண்ணே" என்று அழுதான்.

படம் வந்தது. தியேட்டரில் அந்தப் பாட்டுக்கு யாரும் எழுந்து போகவில்லை என்றார்கள். அதன் பிறகு ராஜாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. ஒருநாள் வந்து, "அம்மா கடைசியா பாடுனது அப்புடியே இருந்தா குடுங்கண்ணே. படத்துல வர்றதுல மியூசிக்கு மூடிருது. புள்ளைக்குப் போட்டுக் காட்டணும்" என்றான்.

வெட்டிக் கொடுத்திருக்கலாம். ஒரு நொடியைக்கூட வெட்ட மனசு வரவில்லை. என்ன கேட்டுவிட்டு அப்படிப் பாடினார் என்று தெரிந்தால்தானே அந்தப் பாட்டின் உயரம் தெரியும்? என் குரலும் சேர்ந்தே இருக்கட்டும் என்று முழுப் பதிவையும் கொடுத்தேன்.

கனகம் அக்காவைக் கொன்றது நான்தான். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ராஜாவைப் பார்த்தால் மட்டும் ஒன்று சொல்லிவிடுங்கள். அவன் அம்மா கதவைத் தட்டுகிற இடத்திலேயே நிறுத்திவிட்டு உங்கள் ஸ்டேஷனுக்கு ஓடி வந்துவிட்டானாம். பாட்டு அதற்கு அப்புறம்தான் வருகிறது. முழுசாக ஒரு தடவை கேட்டானென்றால், புகாரை அவனே திரும்ப வாங்கிக்கொள்வான்.